மேலே சமம், அடியில் படிக்கட்டு: ஒரு இறகுக் கலப்பையைச் சீரமைத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

மக்காச்சோளம் அறுத்த ஆறு ஏக்கர் நிலம். தட்டையை வெட்டி எடுத்த பிறகு அடிக்கட்டைகள் நின்றன. இடையில் அருகம்புல் பாய் விரித்ததுபோல் படர்ந்திருந்தது. இந்த இரண்டையும் மண்ணுக்கு அடியில் தள்ளி மூடிவிட வேண்டும் என்று நிலத்துக்காரர் நினைத்தார். மண்ணைக் கீறிவிடும் கொழுக் கலப்பையால் அது ஆகாது. மண்பாளத்தை வெட்டி, தூக்கி, தலைகீழாகப் புரட்டிப் போடும் வார்ப்பு இறகுக் கலப்பை வேண்டும். மண்ணை வெட்டும் இரும்பான கொழு இரண்டு உள்ள ஒன்றை அவர் வாங்கினார். ஒவ்வொரு கொழுவும் 30 செ.மீ. அகலம் வெட்டும். டிராக்டர் 45 குதிரைத்திறன் கொண்டது.

ஓட்டியவர் இளைஞர். ஒன்பது கொழுக் கலப்பையும் ரோட்டவேட்டரும் அவருக்குக் கைவந்தவை. ஐந்தாறு ஆண்டு அனுபவம் உண்டு. இறகுக் கலப்பையைத் தொட்டது இதுதான் முதல் தடவை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நடந்தவை எல்லாம் இங்கிருந்துதான் தொடங்கின. ஒன்பது கொழுவுக்கு டிராக்டர் சமதரையில் நிற்கும். கலப்பையைத் தூக்கிப் பிடிக்கும் இரண்டு லிஃப்ட் ராடும் ஒரே நீளத்தில் இருக்கும். பக்கவாட்டுச் சங்கிலியான செக் செயினை இறுக்கிக் கட்டினால்தான் கலப்பை ஆடாது. இறகுக் கலப்பைக்கு இந்த மூன்றும் பொருந்தாது. அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இரண்டு நாள் உழுதார்கள். ஏறக்குறைய இரண்டு ஏக்கர் ஆனது. நிலம் பார்க்க உழுததுபோல இருந்தது, ஆனால் புல் அங்கங்கே தலை நீட்டிக்கொண்டிருந்தது. டீசல் மளமளவென்று இறங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து ஓட்டுநருக்குத் தோள் வலி. மூன்றாம் நாள் காலை என்னை அழைத்தார்கள்.

நான் போனபோது பார்த்தவை

உழவு நடந்துகொண்டிருந்தது. ஓட்டுநரை நிறுத்தச் சொல்லாமல் ஒரு சுற்று பின்னாலேயே நடந்தேன். நின்றுகொண்டிருக்கும் கலப்பையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட ஓடும் கலப்பையின் பின்னால் நூறு அடி நடந்தால் அதிகம் தெரியும்.

முதலில் கண்ணில் பட்டது, கலப்பைச் சட்டத்தின் மேல் கட்டியிருந்த இரண்டு மணல் மூட்டை. கொழு இறங்க மறுத்ததால் பாரம் ஏற்றியிருக்கிறார்கள். அப்படியும் இளக்கமான இடத்தில் இறங்கியது, இறுகிய இடம் வந்ததும் சறுக்கிக்கொண்டு மேலே வந்தது. பின்னாலிருந்து பார்க்கும்போது கலப்பையின் தண்டுகள் இரண்டும் நேராக நிற்கவில்லை. வலது பக்கம் சாய்ந்திருந்தன. டிராக்டரின் வலது சக்கரங்கள் உழுத பள்ளமான சாலுக்குள் ஓடுவதால் டிராக்டர் சாய்வது இயல்பு. ஆனால் கலப்பையும் சேர்ந்து சாயக்கூடாது.

ஓட்டுநர் இறங்கி வந்து, "அண்ணே, இரண்டு கொழுவும் ஒரே உயரத்துக்குத்தான் மண்ணைப் போடுது, பாருங்க. ஆழம்தான் வரமாட்டேங்குது" என்றார். அவர் சொன்னது உண்மைதான். மேலே புரண்டு கிடந்த மண்மேடுகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். வரப்பில் நின்று பார்த்தால் சமன் கெட்டிருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சாலுக்குள் இறங்கியதும்

புரட்டிய மண்ணைக் கையால் வழித்து ஒதுக்கி, ஒரு முழம் நீளத்துக்குச் சாலின் அடியை வெறும் தரையாக்கினோம். அங்கே படிக்கட்டு தெரிந்தது. ஒவ்வொரு கொழு வெட்டிய அடியும் வலது ஓரத்தில் தாழ்ந்தும் இடது ஓரத்தில் உயர்ந்தும் ரம்பப் பல்போல இருந்தது. 30 செ.மீ. அகலத்துக்குள்ளேயே மூன்று நான்கு செ.மீ. வித்தியாசம். உழாத தரையிலிருந்து அளந்தால் முன் கொழுவுக்கு 15 செ.மீ., பின் கொழுவுக்கு 14. இறுகிய இடங்களில் பத்துகூட இல்லை.

அடுத்து இரும்பைப் பார்த்தோம். கொழுவுக்குப் பின்னால், சால் சுவரை ஒட்டி ஓடும் பக்கத்தகடு ஒன்று உண்டு. லேண்ட்சைடு என்பார்கள். அதன் பின்முனையைக் குதிகால் என்று சொல்லலாம். கலப்பை சரியாக ஓடினால் அந்தக் குதிகால் சாலின் அடியை இலேசாகத் தொட்டுக்கொண்டு போகும். இங்கே அது கண்ணாடிபோல மின்னியது. அடியில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளக் கோடும் இழுத்திருந்தது. ஆக, கலப்பை மூக்கைத் தூக்கிக்கொண்டு குதிகாலில் உட்கார்ந்து ஓடியிருக்கிறது. மணல் மூட்டையின் பாரமும் கொழுமுனைக்குப் போகாமல் குதிகாலுக்குத்தான் போயிருக்கிறது.

கொழுமுனைகளும் தேய்ந்திருந்தன. புதுக் கொழுவின் முனை இலேசாகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். கொழுமுனையையும் குதிகாலையும் தொடுகிறமாதிரி ஒரு நேர்க்கோலை வைத்தால் நடுவில் மூன்றிலிருந்து ஐந்து மி.மீ. இடைவெளி தெரியும். அந்த இடைவெளிதான் கலப்பையை மண்ணுக்குள் இழுத்துக்கொள்கிறது. முன் கொழுவில் அது முழுக்கப் போய்விட்டிருந்தது. பின் கொழுவில் பாதி மிச்சம். இரண்டு நாள் உழவில் இவ்வளவு தேயாது. விசாரித்தபோதுதான் கலப்பை பழையது, ஒருவர் உழுதுவிட்டு விற்றது என்று சொன்னார்கள்.

இந்த நிலை எப்படி வந்தது

ஓட்டுநரை உட்கார வைத்து முதல் நாளிலிருந்து வரிசையாகக் கேட்டேன். பிசகு எங்கே என்று தேடுவதற்கு முன் என்னென்னவற்றைத் திருகினார்கள் என்று தெரிந்தாக வேண்டும்.

முதல் நாள் காலை கலப்பையை ஒன்பது கொழு மாட்டுவதுபோலவே மாட்டியிருக்கிறார். சால் திறந்து, வலது சக்கரம் அதற்குள் இறங்கியதும் டிராக்டர் சாய்ந்தது; கலப்பையும் கூடவே சாய்ந்தது. இந்தக் கலப்பையில் முன் கொழு வலது பக்கமும் பின் கொழு இடது பக்கமும் இருக்கும். எனவே வலது பக்கம் தாழ்ந்தால் முன் கொழு ஆழமாகவும் பின் கொழு மேலாகவும் ஓடும். அப்படியே ஆனது. இடம் என்று பார்த்தால் முன் கொழு முன்னாலும் இருக்கிறது, வலதிலும் இருக்கிறது. அதனால் அவர் கண்ணுக்கு "பின்பக்கம் இறங்கவில்லை" என்று பட்டது. டிராக்டரையும் கலப்பையின் மேல்பகுதியையும் இணைக்கும் டாப் லிங்கைத் திருகி நீளமாக்கினார். பின்பக்கம் இறங்கியது, மூக்கு தூக்கியது. இரண்டு மேடும் சமமாயின.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் நின்றது. சாய்வால் வந்த பிசகை நீட்டவாக்கில் இன்னொரு பிசகை வைத்து அவர் ஈடுகட்டியிருக்கிறார். இரண்டும் சேர்ந்து மேலே சமமாகக் காட்டின. பின் கொழு மேலோடுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: கலப்பை வலப்பக்கம் சாய்ந்திருக்கலாம், அல்லது டாப் லிங்க் குறுகி மூக்கு குத்தியிருக்கலாம். மேலேயிருந்து பார்த்தால் இரண்டும் ஒரேமாதிரி தெரியும். சாலின் அடியில் பார்த்தால் குழப்பமே இல்லை. சாய்வு என்றால் ஒவ்வொரு கொழுவின் அடியும் குறுக்கே சரிந்திருக்கும். மூக்குக் குத்தல் என்றால் அடி குறுக்கே சமமாக இருக்கும், ஆனால் ஒரு கொழுவுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் படி இருக்கும். குதிகாலும் தரையைத் தொட்டிருக்காது, பளபளப்பும் ஏறியிருக்காது.

மூக்கு தூக்கியபின் ஆழம் குறைந்தது. ஹைட்ராலிக் லீவரை அடிவரை தள்ளினார்கள். போதவில்லை, மூட்டை ஏற்றினார்கள். நிலத்துக்காரர் வரப்பில் நின்று "அகல உழுவதைவிட ஆழ உழு என்று சும்மாவா சொன்னார்கள், ஒரு அடியாவது இறங்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, அன்றைக்கு உழவை நிறுத்தி டிராக்டரைக் களத்துக்குக் கொண்டுபோவது. ஓடிக்கொண்டே சரிசெய்ய ஓட்டுநர் விரும்பினார். ஆனால் நான்கு விஷயங்கள் ஒரே நேரத்தில் பிசகியிருக்கும்போது வயலில் வைத்து ஒவ்வொன்றாகத் திருகினால் எது எதைச் சரிசெய்தது என்றே தெரியாமல் போகும்.

இரண்டாவது, ஆழம் எவ்வளவு என்று தீர்மானித்தது. நிலத்துக்காரர் கேட்டது 30 செ.மீ. நான் 20 போதும் என்றேன். 30 செ.மீ. அகலம் வெட்டும் கொழுவை 30 செ.மீ. ஆழத்தில் ஓட்டினால் வெட்டப்படும் மண்பாளம் சதுரக் கட்டையாகிவிடும். அது புரளாமல் செங்குத்தாக நிற்கும், அல்லது திரும்பச் சாலுக்குள்ளேயே விழும். பாளம் ஒழுங்காகப் புரண்டு படுக்க, அகலம் ஆழத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். இதைக் களத்தில் ஒரு செங்கல்லை வைத்துக் காட்டினேன். தட்டையான பக்கத்தில் கிடக்கும் கல்லை எளிதில் புரட்டலாம், புரட்டினால் புரண்டபடி கிடக்கும். குத்துக்கல்லாக நிறுத்தியதைச் சாய்த்தால் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. "சரி, இருபதே இருக்கட்டும்" என்றார்.

மூன்றாவது, திருகும் வரிசை. டயர் காற்றும் கொழுவும் முதலில், பிறகு சாய்வு, பிறகு டாப் லிங்க், கடைசியில் முன் கொழுவின் அகலம். சாய்வைச் சரிசெய்யாமல் டாப் லிங்கைத் தொட்டால் மறுபடியும் பழைய கதைதான்.

நான்காவது முடிவில் நான் தவறினேன். அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

களத்தில் செய்த வேலை

பின் டயர்களில் காற்று பார்த்தோம். வலது டயரில் குறைவு. சாலுக்குள் ஓடும் டயர் அது. காற்று குறைந்து அமுங்கினால் சாய்வு இன்னும் கூடும். இரண்டையும் கையேட்டில் இருந்த ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம். இரண்டு கொழுவையும் கழற்றிப் புதிது போட்டோம். ஒன்று மட்டும் மாற்றலாமே என்று கேட்டார்கள். ஒரு கொழு இழுத்துக்கொண்டும் மற்றது மறுத்துக்கொண்டும் ஓடினால் எந்தச் சரிசெய்தலும் நிலைக்காது.

கொழுவை மாற்றும்போது ஓட்டுநர் தூக்கி நிறுத்திய கலப்பைக்கு அடியில் கையை விட்டார். அப்போதே நிறுத்தச் சொன்னேன். ஹைட்ராலிக் எந்த நேரமும் இறங்கலாம். ஒரு சீல் விட்டால் போதும். கலப்பையைத் தரைக்கு இறக்கி, இன்ஜினை அணைத்து, தேவைப்பட்ட இடத்தில் மரக்கட்டை வைத்து, அதன் பிறகுதான் வேலையைத் தொடர்ந்தோம். நேரம் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது. பிடிக்கட்டும்.

மண்பாளத்தைப் புரட்டும் வளைந்த தகடுகளான இறகுகளில் துருப் படிந்திருந்தது. மண் அதில் ஒட்டினால் பாளம் வழுக்கி ஏறாது. பாதி வழியில் உடைந்து கொட்டும். 1837-ல் ஜான் டீயர் என்ற கொல்லர் தேய்த்து மெருகேற்றிய எஃகுக் கலப்பையைச் செய்தபோது அவர் தீர்க்கப் பார்த்ததும் இதே சிக்கலைத்தான். பழைய வார்ப்பிரும்பில் ஒட்டிக்கொண்ட களிமண் அந்த மெருகில் வழுக்கி உதிர்ந்தது. நாங்கள் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து எடுத்தோம். மீதியை வயல் மண்ணே தேய்த்துக்கொடுத்தது.

பிறகு சாய்வு. சிமெண்ட் தரையில் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டையும் 18 செ.மீ. உயரப் பலகை அடுக்கின் மேல் ஏற்றினோம். ஆழம் 20 என்றாலும் உழாத நிலத்தில் ஓடும் இடது டயர் கொஞ்சம் அமுங்கும் என்று இரண்டைக் கழித்துக்கொண்டேன். இப்போது டிராக்டர் சாலில் ஓடும்போது சாய்வதுபோலவே சாய்ந்து நின்றது. கலப்பையை இறக்கி, சட்டத்தின் குறுக்கே கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்தோம். குமிழி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வலது லிஃப்ட் ராடின் கைப்பிடியைச் சுற்றி ராடைக் குறுக்கினோம். ஓட்டுநரையே சுற்றச் சொன்னேன். குமிழி மெதுவாக நகர்ந்து நடுக்கோட்டுக்கு வந்து நின்றபோது அவர் முகத்தைப் பார்த்தேன். "இவ்வளவு தூரமா அண்ணே?" என்றார்.

அடுத்து டாப் லிங்க். அவர் நீட்டியிருந்ததைக் குறுக்கி, கலப்பையின் நீளச்சட்டம் தரைக்கு இணையாக வரும்வரை கொண்டுவந்தோம். மூட்டைகளை அவிழ்த்தோம். செக் செயினைத் தளர்த்தி, கலப்பை வேலை நிலையில் இருபுறமும் ஐந்து செ.மீ. அளவுக்கு அசையும்படி விட்டோம். இறகுக் கலப்பை தன் இழுவைக்கோட்டைத் தானே தேடிக்கொள்ளும். இறுக்கிக் கட்டினால் அந்த இழுபறி முழுவதும் ஸ்டியரிங்குக்குப் போகும்.

அகலம் மட்டும் மிச்சம். சாலில் ஓடும் வலது பின் டயரின் உள்பக்கம் சால் சுவரை ஒட்டி ஓடும். அந்த உள்பக்கத்திலிருந்து முன் கொழுவின் பக்கத்தகடு வரை உள்ள தூரம்தான் முன் கொழுவுக்குக் கிடைக்கும் அகலம். அது 30 செ.மீ. இருக்க வேண்டும். அளந்தால் 40 இருந்தது. போன பயிரில் வரிசைக்கு நடுவில் ஓட்டுவதற்காகப் பின்சக்கரங்களை அகலமாக வைத்திருக்கிறார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள்.

சக்கரத்தைக் கழற்றி உள்ளே தள்ள அரை நாளாவது ஆகும். மறுநாள் காலையே உழவு தொடங்க வேண்டும் என்று நிலத்துக்காரர் கேட்டார். டிராக்டரின் கீழ் இணைப்புகளில் மாட்டும் கலப்பையின் குறுக்குத் தண்டைத் திருப்பினால் கலப்பை கொஞ்சம் வலது பக்கம் நோக்கித் திரும்பும், முன் சாலின் அகலம் குறையும். அதை வைத்துச் சமாளிக்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். என் தவறு இதுதான். குறுக்குத் தண்டு இருப்பது ஓரிரு செ.மீ. நுணுக்கத்துக்கு. பத்து செ.மீ.யை அதன் தலையில் கட்டியிருக்கக்கூடாது.

மறுநாள், வயலில்

மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்த்தோம். உருண்டையாகப் பிடிபட்டு, விரலால் தட்டினால் உதிர்ந்தது. பதம் நன்றாக இருந்தது.

முதல் சுற்றில் முன் கொழு 17, பின் கொழு 19. ஓட்டுநர் உடனே வலது ராடைத் தொடப் போனார். தடுத்தேன். அந்தச் சுற்றில் வலது சக்கரம் ஓடியது நேற்றைய 15 செ.மீ. சாலில். கலப்பையை நாங்கள் அமைத்ததோ 20 செ.மீ. சாலுக்கு. டிராக்டர் எதிர்பார்த்த அளவுக்குச் சாயவில்லை. அதனால் வலது பக்கம் தூக்கலாக நின்றது. புது ஆழத்தில் ஒரு சால் வெட்டி, அதற்குள் சக்கரம் இறங்கி ஓடிய பிறகுதான் அமைப்பின் உண்மை நிலை தெரியும். இரண்டாவது சுற்றில் 19, 20. மூன்றாவதில் இரண்டும் 20. யாரும் எதையும் தொடவில்லை. முதல் சுற்றைப் பார்த்துவிட்டு உடனே திருகும் பழக்கத்தால் நாள் முழுக்கக் கலப்பையோடு மல்லுக்கட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஹைட்ராலிக்கையும் மாற்றினோம். அதுவரை பொசிஷன் லீவரில் ஓட்டியிருந்தார்கள். அது கலப்பையை டிராக்டரோடு ஒரே உயரத்தில் பிடித்து வைக்கும். முன்சக்கரம் மேட்டில் ஏறினால் பின்னால் கலப்பை ஆழமாகக் குத்தும். டிராஃப்ட் லீவரில் ஓட்டினால் இழுவை கூடும்போது கலப்பை டாப் லிங்கை முன்னோக்கி அழுத்தும். அந்த அழுத்தத்தை உணர்ந்து ஹைட்ராலிக் கலப்பையைச் சற்றுத் தூக்கிக் கொடுத்து, இழுவை குறைந்ததும் இறக்கிவிடும். ஹாரி ஃபெர்குசன் வடிவமைத்து, 1939-ல் ஃபோர்டு 9என் டிராக்டரில் வந்த மூன்று புள்ளி இணைப்பின் சிறப்பே இதுதான். ஓட்டுநர் ஒரு சாலின் நடுவில், இறுகிய திட்டு வந்தபோது லிஃப்ட் கைகள் தானாக அசைவதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வேகம் மணிக்கு ஐந்து கி.மீ. அளவில் வைத்தோம். பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படுத்தன. சாலின் அடியை வழித்துப் பார்த்தேன்; ரம்பப் பல் இல்லை. நிலத்துக்காரருக்கு மகிழ்ச்சி. எனக்கு ஸ்டியரிங் மட்டும் உறுத்தியது. ஓட்டுநர் கையை எடுத்தால் டிராக்டர் ஒரு பக்கம் இழுத்தது.

கம்பி காட்டியது

மதியம் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு உழுத பகுதியில் குறுக்காக நடந்து, ஒரு கை அகலத்துக்கு ஒரு குத்தாகக் குத்திப் பார்த்தேன். 20 செ.மீ. வழுக்கிக்கொண்டு இறங்கியது. மறுபடி 20. அடுத்த குத்து ஆறு செ.மீ.யில் டக்கென்று நின்றது. கொஞ்சம் தள்ளினால் மறுபடி 20. இப்படிக் கடினமான கோடு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று வந்தது, எப்போதும் முந்தின சுற்றும் இந்தச் சுற்றும் சேரும் இடத்தில்.

தோண்டிக் காட்டினேன். புரண்ட பாளத்துக்கு அடியில் நான்கைந்து செ.மீ. அகலத்துக்கு உழாத மண் சுவராக நின்றது. அதன் தலையில் அருகம்புல் வேரோடு, பச்சை மாறாமல் உட்கார்ந்திருந்தது. முன் கொழுவுக்கு வெட்ட இருந்தது ஏறக்குறைய 35 செ.மீ.; அதனால் வெட்ட முடிந்தது 30. மீதியை மேலே புரண்ட மண் மூடி மறைத்துவிட்டது. முதல் இரண்டு நாள் உழுத பகுதியிலும் குத்திப் பார்த்தோம். அங்கே இந்தச் சுவர் பத்து செ.மீ. அகலம்.

குறுக்குத் தண்டைத் திருப்பியதில் பாதிதான் குறைந்திருக்கிறது. அதற்கு விலையாகக் கலப்பை கோணலாக ஓடி ஸ்டியரிங்கை இழுத்தது. நிலத்துக்காரரிடம் நேரடியாகச் சொன்னேன்: "ஐயா, நேற்றே சக்கரத்தை மாற்றியிருக்கணும். நான் விட்டுக்கொடுத்திருக்கக்கூடாது." அவர் தோண்டிய இடத்தில் குந்தி, அந்தப் புல்லைப் பிடுங்கிப் பார்த்தார். வரவில்லை. "கழற்றுங்க" என்றார்.

சக்கரத்தை உள்ளே தள்ளியது

பின்சக்கரங்களைக் கழற்றி, வலதை இடதாகவும் இடதை வலதாகவும் மாற்றிப் போட்டோம். பக்கம் மாற்றாமல் திருப்பி மட்டும் போட்டால் டயரின் பல் தலைகீழாகிப் பிடிமானம் போய்விடும். ரிம்மைத் திருப்பிப் பொருத்தியதில் ஒவ்வொரு சக்கரமும் பத்து செ.மீ. உள்ளே வந்தது. முன்சக்கரங்களையும் அதற்கு ஏற்பக் குறுக்கினோம். இல்லையென்றால் முன்சக்கரம் சாலின் நடுவிலும் பின்சக்கரம் சுவரோரமுமாக ஓடும். குறுக்குத் தண்டைப் பழைய இடத்துக்குத் திருப்பினோம். டயரின் உள்பக்கத்திலிருந்து பக்கத்தகடு வரை அளந்தோம்: 30.

சக்கரங்கள் நெருங்கினால் அதே ஆழச் சாலில் டிராக்டர் முன்னைவிடக் கூடுதலாகச் சாயும். எனவே மறுபடியும் பலகை, ரசமட்டம். வலது ராடை இன்னும் கொஞ்சம் குறுக்க வேண்டியிருந்தது. நட்டுகளை முதல் சால் முடிந்ததும் ஒருமுறை, மதியம் ஒருமுறை இறுக்கினோம்.

மூன்று சுற்று ஓடிய பிறகு கம்பியால் குத்தினேன். எங்கும் நிற்கவில்லை. ஓட்டுநர் சாலின் நடுவில் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் ஒரு கணம் தூக்கிக் காட்டினார். டிராக்டர் சால் சுவரை ஒட்டியபடி நேராகப் போனது. உழாத பக்கம் ஓடிய டயரின் பல் தடம் மண்ணில் தெளிவாக, விளிம்பு மட்டும் இலேசாக உடைந்து பதிந்திருந்தது. சக்கரம் அளவோடுதான் வழுக்குகிறது என்பதற்கு அது போதுமான அடையாளம்.

அதன் பிறகு

மீதி நிலம் இரண்டு நாளில் முடிந்தது. முதலில் உழுத இரண்டு ஏக்கரை என்ன செய்வது என்று பேசினோம். புரட்டிய மண்ணை உடனே மறுபடி புரட்டினால் அடியில் போன கட்டைகள் மேலே வரும் என்பதால் பொறுத்திருக்கச் சொன்னேன். குறுக்குத் தண்டோடு உழுத அரை நாள் வேலையையும் அப்படியே விட்டோம்.

மழை பெய்து மூன்று வாரம் கழித்துப் போனேன். கடைசியாக உழுத பகுதியில் புல் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் இருந்தது. முதலில் உழுத இரண்டு ஏக்கரில் நூல் பிடித்து நட்டதுபோல வரிசை வரிசையாக அருகு வந்திருந்தது. வரிசைக்கு வரிசை அளந்தேன், 70 செ.மீ. முன் கொழு விட்டுப்போன பத்தும் இரண்டு கொழுவும் வெட்டிய அறுபதும் சேர்ந்த கணக்கு அப்படியே நிலத்தில் முளைத்திருந்தது. நடுவில் இருந்த அரை நாள் பகுதியிலும் வரிசை தெரிந்தது, மெலிசாக. அந்த இரண்டு பகுதியையும் பிறகு குறுக்கு உழவாக ஒருமுறை புரட்டினார்கள்.

மறுபடி செய்தால்

சக்கர அகலத்தை முதலில் அளப்பேன், சாய்வுக்கும் முன்பாக. அது பொருந்தவில்லையென்றால், எவ்வளவு அவசரம் இருந்தாலும் கலப்பையை மாட்ட மாட்டேன். சாய்வின் கணக்கும் சக்கர அகலத்தைச் சார்ந்தது என்பதால், பின்னால் அதை மாற்றினால் எல்லாவற்றையும் இரண்டாம் முறை செய்ய வேண்டும், செய்தோம்.

எதையும் திருகுவதற்கு முன் லிஃப்ட் ராடிலும் டாப் லிங்கிலும் பழைய நிலையைச் சுண்ணாம்பால் குறித்திருக்க வேண்டும். ஓட்டுநர் டாப் லிங்கை எத்தனை சுற்று நீட்டினார் என்று அவருக்கே நினைவில்லை. குறி இருந்திருந்தால் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க அவ்வளவு நேரம் பிடித்திருக்காது.

கம்பியால் குத்திப் பார்ப்பதை மதியம்வரை தள்ளிப்போட்டதும் சரியல்ல. மூன்றாவது சுற்றிலேயே செய்திருந்தால் அரை நாள் உழவு வீணாகியிருக்காது. மேலே பாளங்கள் அழகாகப் படுத்திருந்ததைப் பார்த்து, ஓட்டுநர் ஏமாந்த அதே இடத்தில் நானும் ஏமாந்தேன்.

ஓட்டுநர் இப்போது வலது ராடின் மரையில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார், இறகுக் கலப்பைக்கு என்று. ஒன்பது கொழுவுக்கு வேறொரு கோடு, மஞ்சளில். இருக்கைக்குப் பின்னால் 30 செ.மீ. நீளத்துக்கு அறுத்த மூங்கில் குச்சியும் அந்த இரும்புக் கம்பியும் கட்டியிருக்கின்றன.